மரத்தடியில் தொடங்கிய கோயில்கள்: தாத்தா பாட்டிமார் கேட்ட கேள்விகள்

நம் சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை முடிந்து பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பியதும் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை தாத்தா பாட்டிமார் எழுதியவையாக இருக்கும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ பேரப்பிள்ளைகளைத் தங்களோடு வைத்திருந்து, ஊர் சுற்றிக் காட்டி, அவர்கள் போனபின் வீடு வெறிச்சோடிக் கிடக்கும்போது எழுதுகிற கடிதங்கள் அவை. இந்த இதழுக்கு நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கும் பேரப்பிள்ளைகளோடு வெளியே போவதையும் சாமி கும்பிடுவதையும் பற்றியவை என்பதால் சேர்த்தே பதில் எழுதுவது பொருத்தமாகப் பட்டது. முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அந்த அம்மா கேட்டிருப்பது, நான் பல ஆண்டுகளாக என்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

கேள்வி: பதினொரு வயதுப் பேரனும் எட்டு வயதுப் பேத்தியும் விடுமுறையில் ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கினார்கள். ஏழு நாளில் ஏழு கோயில் என்று திட்டமிட்டிருந்தேன். நான்காம் நாள் காலை பையன் புறப்பட மறுத்துவிட்டான். "எல்லாக் கோயிலிலும் நீங்கள் ஒன்றையேதான் செய்கிறீர்கள் பாட்டி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. டிசம்பர் விடுமுறையில் மீண்டும் வருகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தியை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? (தெம்பனிசிலிருந்து ஒரு பாட்டி)

பதில்: அம்மா, உங்கள் பேரன் சொன்னது உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் அவன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அவன் சொன்னது சரிதான். காலைக் கழுவுகிறோம், சுற்றி வருகிறோம், தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், திருநீறு பூசிக்கொள்கிறோம், வீட்டுக்கு வருகிறோம். இந்தக் கோயிலில் என் கல்யாணம் நடந்தது, அந்தக் கோயிலில் என் பிள்ளைக்கு முடியிறக்கினேன், இன்னொரு கோயிலில் என் அப்பா தீ மிதித்தார் என்று நமக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. அந்த நினைவுகள் எதுவும் பிள்ளைகளிடம் இல்லை. நாமும் சொல்வதில்லை. "கும்பிடு" என்று மட்டும் சொல்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் என் மகளின் பிள்ளைகள் இருவர், பதினொரு வயதுப் பையனும் ஏழு வயதுப் பெண்ணும், என்னோடு ஒரு வாரம் தங்கியிருந்தபோது வேறு மாதிரி செய்து பார்த்தேன். அந்த வாரத்தை நடந்தபடியே எழுதுகிறேன். உங்களுக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் பூமலைக்கு, அதாவது தாவரவியல் தோட்டத்துக்குப் போனோம். 1859இல் இன்றைய இடத்தில் தொடங்கப்பட்டு 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமான அந்தத் தோட்டத்தில்தான் நம்முடைய ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் தெம்புசு மரம் நிற்கிறது. நோட்டைப் பேரனிடம் கொடுத்து, மரத்தைக் கண்டுபிடி என்று சொன்னேன். தரைக்கு அருகிலேயே நீண்டு வளைந்திருக்கும் அந்தப் பெரிய கிளையைப் பார்த்ததும் இருவரும் ஓடினார்கள். அது தோட்டத்தைவிடவும் மூத்த மரம். அதன் முன்னால் நின்றபோது என்னை அறியாமலே கை கூப்பியிருக்கிறேன் போலும். "பாட்டி, இது கோயில் இல்லையே, ஏன் கும்பிடுகிறீர்கள்?" என்று பேத்தி கேட்டாள்.

நான் திட்டமிடாத கேள்வி அது. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இந்த ஊரில் பல கோயில்கள் மரத்தடியில்தான் தொடங்கின என்று சொல்லத் தொடங்கினேன். வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும் கிருஷ்ணன் கோயில் 1870இல் அனுமான் பீம் சிங் என்பவர் ஓர் ஆலமரத்தடியில் ஏற்படுத்திய வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. காத்தோங் பகுதியில் சிலோன் ரோட்டில் இருக்கும் செண்பக விநாயகர், குளக்கரையில் ஒரு செண்பக மரத்தின் கீழே கண்டெடுக்கப்பட்டவர். மரத்தின் பெயரே சாமியின் பெயராயிற்று. சிராங்கூன் சாலையில் உள்ள வடபத்திர காளியம்மன் பெயரில் ஆலமரம் ஒளிந்திருக்கிறது: வடம் என்றால் ஆல், பத்திரம் என்றால் இலை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த நம்மவர்கள் ஒரு மரத்தடியில் முருகனை வழிபட்டார்கள். தளம் போய், கோயில் ஈசூனுக்கு இடம் மாறிய பிறகும் அது புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் என்றே அழைக்கப்படுகிறது.

"ஏன் முதலிலேயே கோயில் கட்டவில்லை?" என்றான் பேரன். கப்பலில் வந்திறங்கியவர்களுக்குக் கூலி நாட்கணக்கில்தான் கிடைத்தது, கட்டடம் கட்ட அவர்களிடம் பணம் இல்லை, ஆனால் ஒரு கல்லையோ வேலையோ வைத்துக் கும்பிட ஒரு நிழல் போதுமாயிருந்தது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் ஒன்று பிடிபட்டது. கோபுரத்தையும் மண்டபத்தையும் காட்டி நான் பிள்ளைகளிடம் பக்தியை விளக்கப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எட்டக்கூடிய தூரத்தில் இருந்ததோ ஊரை விட்டு வந்து மரத்தடியில் தனியாக நின்ற ஒரு மனிதர். அவருக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்று பிள்ளைகளால் யோசிக்க முடிகிறது.

செவ்வாய்க்கிழமை நாள் முழுவதும் மழை. வீட்டில் இருந்தோம், இடியாப்பம் பிழிந்தோம்.

புதன்கிழமை சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். உள்ளே நுழைவதற்கு முன் எதிர்ப்புற நடைபாதையில் நின்று நாராயண பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். 1819இல், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்சோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர், இங்கே செங்கற்சூளை வைத்தவர், கட்டுமான வேலை எடுத்துச் செய்தவர். கோயிலுக்கென்று முதலில் தெலுக் ஆயர் பகுதியில் இடம் கிடைத்தது. ஆனால் பூசைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே இல்லாததால் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஒருவழியாக இந்த இடம் அமைந்து, 1827இல் மரமும் அத்தாப்புக் கூரையுமாகக் கோயில் எழுந்தது. செங்கல் செய்தவருடைய கோயில் முதலில் ஓலைக் கூரைக் கோயிலாக இருந்தது என்பது பேரனுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"சாமிக்கு நல்ல தண்ணீர் எதற்கு?" என்று பேத்தி கேட்டாள். அபிஷேகத்துக்கு என்றேன். அன்று அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் தூணில் சாய்ந்து எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அன்று அம்மன் மேல் தண்ணீர் விழுவதை இமைக்காமல் பார்த்தாள். தண்ணீருக்காக இடம் மாறிய கோயில் அல்லவா?

வெளியே வந்து அதே சாலையில் நடந்தோம். தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல் சில அடி தூரத்தில் இருக்கிறது. பள்ளிவாசலால் ஒரு தெருவுக்கு மோஸ்க் ஸ்திரீட் என்றும், நம் கோபுரத்தால் இன்னொரு தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்றும் பெயர் வந்தது. மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டுவிட்டுத் தெலுக் ஆயருக்கு நடந்தோம். அங்கே நாகூர் தர்கா இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள், நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் அதைக் கட்டினார்கள். அதே தெருவில் சீனக் கடலோடிகள் கடல் அன்னைக்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலும் நிற்கிறது. "கடல் எங்கே?" என்று கேட்டான் பேரன். இந்தத் தெருதான் அன்று கடற்கரை, கடலைத் தூர்த்து நிலமாக்கியது அதற்குப் பிறகுதான் என்றேன். சுற்றிலும் நின்ற உயர்ந்த கட்டடங்களைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் கப்பலை விட்டு இறங்கியவுடனே இங்கே வந்து நன்றி சொல்லியிருப்பார்கள்" என்றான். நான் சொல்ல நினைத்திருந்ததை அவனே சொன்னது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வியாழக்கிழமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்று சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். அது என் அம்மாவின் கோயில். 1942இல் ஜப்பானிய விமானங்கள் நகரத்தின் மீது குண்டு வீசியபோது அக்கம்பக்கத்திலிருந்த மக்கள் அந்தக் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். கோயிலுக்குச் சேதம் ஏற்படவில்லை. என் அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் பாட்டியின் மடியில் முகம் புதைத்துக்கொண்டு கிடந்ததாகவும், அண்டாவுக்குள் கல் போட்டு உருட்டுவது போன்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும் சொல்வார். அன்றைய கட்டடம் இன்றில்லை, 1980களில் கோயில் புதிதாகக் கட்டப்பட்டுவிட்டது. ஆனாலும் இந்த இடத்தில்தான் உன் கொள்ளுப்பாட்டி உயிர் பிழைத்தாள், அம்மன்தான் காப்பாற்றினாள் என்று பேரனிடம் சொன்னேன். என் அம்மா என்னிடம் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னேன்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றினாள் என்றால், வெளியே இருந்தவர்களை ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி எனக்குப் புதியதில்லை. என் அம்மாவின் அண்ணன் அன்றைக்கு வெளியே இருந்தார். பதினேழு வயது. வீட்டில் இருந்த அரிசியை எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் அவன் கேட்டபின் பாதியை மறைத்து மீதியைச் சொல்வது பொய் என்று தோன்றியது. சொன்னேன். "அப்புறமும் கொள்ளுப்பாட்டி இந்தக் கோயிலுக்கு வந்தார்களா?" என்றான். சாகும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார் என்றேன். "ஏன்?" என்றான்.

"எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். பிறகு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் அம்மா சந்நிதியில் அதிக நேரம் நிற்க மாட்டார். கும்பிட்டுவிட்டு ஓர் ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்வார். சின்ன வயதில் நான் அவர் மடியில் படுத்திருக்கும்போது சில சமயம் என் கன்னத்தில் சூடாகக் கண்ணீர் விழும். வீட்டில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஏழு பேர் இருந்த வீட்டில் அழுவதற்கு இடமில்லை. அண்ணனை நினைத்து அழ அவருக்குக் கிடைத்த இடம் அந்தக் கோயில்தான். காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வந்தாரா, காப்பாற்றாததற்குச் சண்டை போட வந்தாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டும் இருந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன்.

தெரியாது என்று சொன்னதால் பேரனுக்கு என் பக்தியின் மேல் நம்பிக்கை போய்விடுமோ என்று அன்றிரவு கவலைப்பட்டேன். மறுநாள் காலையில் நான் விளக்கேற்றும்போது அவன் தானாகவே எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். வழக்கமாக அவன் எட்டு மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை வாட்டர்லூ ஸ்திரீட். கிருஷ்ணன் கோயில் வாசலில், பக்கத்துக் குவான் இம் கோயிலுக்கு வந்த சீனர்கள் ஊதுபத்தியோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். விளக்கம் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை காலை செண்பக விநாயகர் கோயில். சிலோன் ரோடு என்ற பெயருக்கேற்ப அது இலங்கைத் தமிழர் வளர்த்த கோயில். அதே போரில் அங்கே குண்டு விழுந்து சேதமானது என்று சொல்லியபோது பேரன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். ஒரு கோயில் தப்பியது, ஒரு கோயில் தப்பவில்லை. "பிள்ளையாரால் தன் வீட்டைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையா?" என்று கேட்டான். இந்த முறை நான் பதில் சொல்ல அவசரப்படவில்லை. மறுபடியும் கட்டினார்களே, அவர்கள் யாரென்று நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். அவன் யோசித்துக்கொண்டே வந்தான். மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் காற்றாடி விட்டோம். நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, "கொள்ளுப்பாட்டியின் அண்ணன் பெயர் என்ன?" என்று கேட்டான். சொன்னேன். அந்தப் பெயரை என் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்மா, டிசம்பருக்கு நான் சொல்வது இதுதான். ஏழு கோயில் வேண்டாம், இரண்டோ மூன்றோ போதும். அதில் ஒன்றாவது உங்கள் சொந்தக் கதை உள்ள கோயிலாக இருக்கட்டும். அந்தக் கதையில் துக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பதினொரு வயதுப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு கோயிலோடும் அவர்கள் விரும்பும் வேறோர் இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடைசாத்தி மாலையில்தான் திறக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் வெளிப்பிரகாரத்துத் தரை பிள்ளைகளின் காலைச் சுடும் என்பதால் காலை உணவை முடித்துக்கொண்டு சீக்கிரமே போய்விடுவது நல்லது. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். விடியலில் பாடுகிற கோயிலுக்கு ஒரே ஒரு நாள் அழைத்துப் போங்கள். வர மறுத்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் போய்விட்டு வந்து, சூடான பொங்கல் பிரசாதத்தை அவர்கள் தட்டில் வையுங்கள்.

கேள்வி: முழங்கால் வலியால் என்னால் வெகுதூரம் நடக்க முடிவதில்லை. பேரப்பிள்ளைகளை எங்கும் அழைத்துப் போக முடியாத பாட்டியாகிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே இருந்து அவர்களுக்கு என்ன செய்ய முடியும்? (ஈசூனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் போக முடியாத இடத்துக்கு அவர்களை அனுப்புங்கள். ஈசூனில் இருக்கிறீர்கள், மேலே நான் சொன்ன புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. பிள்ளைகளை அவர்களின் அப்பாவோடு அனுப்பி, இன்று முருகனுக்கு என்ன நிறப் பட்டு, என்ன மாலை, மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து வந்து சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர்கள் உற்றுப் பார்ப்பார்கள். வந்து சொல்லும்போது கண்ணை மூடிக் கேளுங்கள், இடையில் திருத்தாதீர்கள். வீட்டில் பூத் தொடுக்கத் தெரியும் என்றால் அதையும் கற்றுக்கொடுங்கள். தங்கள் கையால் தொடுத்த சரம் சாமி படத்தில் தொங்குவதைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: என் மருமகள் கத்தோலிக்கர். நல்ல பெண், எங்கள்மேல் மரியாதை உள்ளவள். ஆறு வயதுப் பேரனைச் சனிக்கிழமைகளில் நான்தான் வெளியே அழைத்துப் போகிறேன். பூங்காவுக்கு என்று சொல்லிவிட்டு வழியில் கோயிலுக்கும் போய்விட்டு, வீடு திரும்புமுன் அவன் நெற்றியில் உள்ள திருநீற்றைத் துடைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவன் தாயோடு தேவாலயத்துக்குப் போகிறான். சென்ற வாரம் என்னிடம், "தாத்தா, நான் எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும்?" என்று கேட்டான். என்ன சொல்வது? (ஜூரோங்கிலிருந்து ஒரு தாத்தா)

பதில்: ஐயா, குழந்தையின் கேள்விக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருநீற்றைத் துடைப்பதை உடனே நிறுத்துங்கள். பூசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. துடைக்க வேண்டிய நிலையில் பூசாதீர்கள். கோயிலுக்குப் போவது அம்மாவுக்குத் தெரியக்கூடாத காரியம் என்ற பாடத்தை அந்த ஆறு வயதுப் பிள்ளை வாரந்தோறும் உங்கள் கைக்குட்டையிலிருந்து கற்றுக்கொள்கிறான். நீங்கள் கொடுக்க நினைக்கிற எந்தப் பக்தியையும்விட அது ஆழமாகப் பதியும்.

உங்கள் மகனையும் மருமகளையும் உட்காரவைத்து, இத்தனை நாள் நடந்ததைச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள்; மாமனார் மருமகளிடம் கேட்பதா என்று தயங்காதீர்கள். பிள்ளையை எந்த வழியில் வளர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள் இருவரும்தான். அவர்களுடைய முடிவு உங்களுக்கு வருத்தம் தருவதாக இருக்கலாம். இருந்தாலும் அவர்களுடைய முடிவு அது.

பேசி முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவர்களோடு தேவாலயத்துக்குப் போய்வாருங்கள். ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே எழுப்பப்பட்டது. அங்கே தமிழில் திருப்பலி நடக்கிறது. தமிழில் பாடப்படும் துதிப்பாடல்களைக் கேட்கும்போது உங்கள் மருமகளின் பாட்டியும் உங்கள் பாட்டியைப் போலவே கப்பலில் வந்து, ஒரு கூரையின் கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டவர் என்பது உங்களுக்குத் தோன்றும். பேரன் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால், "நான் முருகனைக் கும்பிடுகிறேன், உன் அம்மா இயேசுவைக் கும்பிடுகிறாள், நீ பெரியவனாகும்போது உனக்குத் தெரியும்" என்று அவன் அம்மாவின் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அவள் முன்னிலையில் சொல்வது முக்கியம்.

கேள்வி: என் மனைவி காலமாகிப் பத்து மாதங்கள் ஆகின்றன. திருமணமான நாளிலிருந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் இருவரும் வெள்ளிக்கிழமை மாலைகளில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குச் சேர்ந்தே போய்வந்தோம். கூரையில் இருக்கும் கண்ணாடிச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்து எண்ணுவது அவளுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு முறையும் பாதியில் கணக்கை விட்டுவிடுவாள். அவள் நோயில் கிடந்தபோது நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. இப்போது கை எடுக்க மனம் வரவில்லை. சாமி படங்களுக்கு விளக்கு ஏற்றுவதையும் விட்டுவிட்டேன். என் தனிமையைப் போக்க வேண்டும் என்று பேரன்கள் இருவரும் வாரந்தோறும் வந்து, "தாத்தா, கோயிலுக்குப் போகலாம்" என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்காகவாவது கும்பிடுவதுபோல நடிக்கலாமா? (அங் மோ கியோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஐயா, நடிக்க வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் கடவுளிடம் கோபமாக இருப்பதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள், நீங்கள் அவர்களிடம் பொய்யாக இருப்பதைத் தாங்க மாட்டார்கள்.

வீட்டில் ஒருவர் மறைந்தால் ஓர் ஆண்டுக்குக் கோயிலுக்குப் போகாமல் இருக்கும் வழக்கம் நம்மில் பல குடும்பங்களில் உண்டு. அதைத் தீட்டு என்று சொல்லித்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். என் கணவர் மறைந்த பிறகுதான் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டேன். அந்த ஓராண்டு, துயரத்தில் இருப்பவருக்குப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த விடுப்பு என்று இன்று நினைக்கிறேன். கும்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்தாத காலம் அது. எனக்கு அந்த ஓராண்டு முடிந்த பிறகும் சந்நிதிக்குள் போக முடியவில்லை. கோயிலுக்குப் போவேன், வெளிமண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன், மற்றவர்கள் கும்பிட்டு வரும்வரை அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொள்வேன். அர்ச்சகர் ஒருநாள்கூட ஏன் உள்ளே வரவில்லை என்று என்னைக் கேட்டதில்லை, அதற்கு நான் அவருக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். என் அம்மா அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் என் உடம்புக்குப் புரிந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஏன் என்று எனக்கே தெரியவில்லை, எழுந்து உள்ளே போனேன். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நடக்காமலும் போகலாம்.

பேரன்கள் கூப்பிடுவது கோயிலுக்கு என்றாலும் அவர்களுக்குத் தேவைப்படுவது நீங்கள். பாட்டியை இழந்தவர்கள் அவர்களும்தானே? அவர்கள் அவரைப் பற்றிப் பேச விரும்பியும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். இந்த இரண்டு மாதங்களுக்கு வேறு இடங்களுக்குப் போங்கள். உங்கள் பேட்டையிலேயே பீஷான் அங் மோ கியோ பூங்கா இருக்கிறது. கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை 2012இல் மறுபடியும் கற்களும் புல்லும் உள்ள ஆறாக மாற்றினார்கள். காலையில் நீர்நாய்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆற்றங்கரையில் நடந்துகொண்டே அவர்களின் பாட்டியைப் பற்றிப் பேசுங்கள். எப்படிச் சந்தித்தீர்கள், எதற்கெல்லாம் சண்டை போட்டீர்கள், அவர் என்ன சமைத்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். வேண்டுதல்கள் பலிக்காததையும் அவர்கள் கேட்டால் மறைக்காதீர்கள். விளக்கு ஏற்றும் வேலையைப் பேரன்களில் ஒருவனிடம் கொடுங்கள்; அவன் ஏற்றும்போது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆண்டுத் திதி முடிந்த பிறகு, மனம் இடம் கொடுத்தால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர்களோடு டேங்க் ரோட்டுக்குப் போங்கள். கை கூப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தக் கூரையில் இருப்பவை தெய்வ உருவங்கள் பொறித்த 48 கண்ணாடிப் பலகைகள். உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் அவற்றில் ஒளி பாய்ச்சும்படி சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் ஏழு மணியளவில் சூரியன் மறைகிறது, அதற்கு முன்னால் போய்விடுங்கள். பேரன்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, அவர்கள் பாட்டி எந்த மூலையிலிருந்து எண்ணத் தொடங்குவார், வழக்கமாக எந்த இடத்தில் கணக்கை விட்டுவிடுவார் என்று காட்டுங்கள். அங்கிருந்து மேலே அவர்கள் எண்ணட்டும்.